எட்டு ரியால் வெள்ளி: ஸ்பானியக் காசை இனங்காணும் முறை

ஸ்பெயின் தேசத்து அரசர்களின் பெயரும் முத்திரையும் தாங்கி, மெக்ஸிகோவிலும் பெருவிலும் அச்சாகி, இரண்டு மகா சமுத்திரங்களின் வழியாக இந்தச் சோழமண்டலக் கரைக்கு வந்திறங்கிய வெள்ளிக் காசுகள் கணக்கிலடங்காதவை; ஆயினும் இன்றைக்கு எளாவூர், ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழங்காசு சேர்ப்பவர் ஒருவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தால், அவற்றில் அசலான ஒன்று அகப்படுவது அபூர்வம். வந்தது ஏராளம், எஞ்சியது சொற்பம் என்னும் இந்த விநோதத்தின் காரணத்தை அறியாதவர், கையில் கிடைக்கும் பெரிய வெள்ளிக் காசையெல்லாம் ஸ்பானியக் காசென்று நம்பிப் பணத்தை இழப்பார். அறிந்தவரோ முதலில் சந்தேகப்பட்டு, அடுத்து நிறுத்துப் பார்த்து, அதற்கும் பிறகே எழுத்தைப் படிக்கத் தொடங்குவார். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது அந்தக் கிரமத்தைத்தான். ஏனெனில் இந்தக் காசு நம் நாட்டுக்குக் காசாக வரவில்லை, சரக்காக வந்தது. நம்மவர் அதை எண்ணி வாங்கவில்லை, நிறுத்து வாங்கினார்கள்.

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. அந்த ஏரி கடலோடு கலக்கும் தென்முனையில் டச்சுக்காரர் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, அதையே சோழமண்டலக் கரையில் தங்கள் வியாபாரத்துக்குத் தலைமையிடமாக வைத்துக்கொண்டார்கள். ஏரியின் வடபால் துர்க்கராஜபட்டினத்தில் ஆங்கிலேயர் 1626-இல் ஆர்மகான் என்ற பெயரில் ஒரு பண்டகசாலையை நிறுவி, சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். இரு சாராருக்கும் வேண்டியது ஒன்றே: இங்கே நெய்து சாயம் தோய்த்த துணி. அதற்கு ஈடாகக் கொடுக்க அவர்களிடம் இருந்த கம்பளியையும் ஈயத்தையும் நம்மவர் பெரிதாக மதிக்கவில்லை. வெள்ளியையும் தங்கத்தையும் மட்டும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவுக்கு வெள்ளி எங்கிருந்து வந்தது? 1545-இல் கண்டுபிடிக்கப்பட்ட பொட்டோசி மலையிலிருந்தும், மெக்ஸிகோவின் சகடேகாஸ் முதலிய சுரங்கங்களிலிருந்தும் ஸ்பானியக் கப்பல்களில் ஏறிச் செவில்லுக்கும் பிறகு காடிஸுக்கும் வந்து, அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், லண்டன் வர்த்தகர்களின் கைக்கு மாறி, பெட்டி பெட்டியாக நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்தது.

மற்றொரு வழி கீழ்த்திசையில் இருந்தது. மெக்ஸிகோவின் மேற்குக் கரையிலுள்ள அகாபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியரின் பெருங்கப்பல்கள் வெள்ளியை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. மணிலாவில் ஆங்கிலேயர் நேராக வியாபாரம் செய்வதை ஸ்பானியர் தடுத்திருந்தபடியால், சென்னைத் துணி அர்மீனிய வர்த்தகர்களின் பெயரிலும் பிறர் கொடியின் கீழும் அங்கே போய், வெள்ளியாகத் திரும்பிற்று. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-இல் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவருமான கோஜா பெத்ரூஸ் உஸ்கான் அப்படி மணிலா வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த அர்மீனியரே. இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கும் இடத்தைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு, அங்கே முதலில் எழுந்த பாலத்துக்குப் பின்னால் மெக்ஸிகோ வெள்ளி இருந்தது என்பது நினைவிருக்கும்? 1762-இல் டிரேப்பர் என்னும் தளபதியின் கீழ் மணிலாவைப் பிடிக்கப் போன சேனையும் சென்னையிலிருந்தே கப்பலேறியது.

இவ்வளவு வெள்ளியும் எங்கே போயிற்று? உலைக்குத்தான் போயிற்று. அக்காலத்தில் தென்னாட்டின் நாணயம் தங்கத்தில் வராகனும் பணமும், அற்பச் செலவுக்குச் செம்பில் காசும்; ஸ்பானிய டாலர் எனப்பட்ட இந்த எட்டு ரியால் காசைக் கொண்டு கடையில் உப்பும் புளியும் வாங்கியவர் இங்கே யாருமில்லை. கரையிறங்கிய வெள்ளியை, நாணயம் மாற்றும் சராப்புகள் மாற்றுப் பார்த்து விலை பேசுவார்கள். அவர்கள் வாங்கியது போக எஞ்சியது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தங்கசாலைக்குப் போய் ரூபாயாக மறுபிறவி எடுக்கும். 1742-இல் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையும் கம்பெனிக்கு நவாபிடமிருந்து கிடைத்தபின், உருக்கும் வேலை இன்னும் மும்முரமாயிற்று. ஆகவே ஸ்பானிய வெள்ளியை நீங்கள் உண்மையாகவே தொட்டுப் பார்க்க விரும்பினால், அது பெரும்பாலும் ஒரு பழைய ஆர்க்காட்டு ரூபாயின் உருவில்தான் உங்கள் முன் இருக்கும். பெயர் மட்டும் மொகலாய ஆலம்கீர் பாதுஷாவினுடையது, அருகில் ஒரு தாமரை முத்திரை.

இந்த உருமாற்றத்தைக் கண்ணாலேயே காட்டும் ஒரு நாணயம் உண்டு. சென்னை மாகாணத்து நாணயங்களில் அதைவிட ருசிகரமான ஒன்று எனக்குத் தெரியாது. 1807, 1808 ஆண்டுகளை ஒட்டிக் கம்பெனியார் வெளியிட்ட அரை வராகன் வெள்ளிக் காசு அது. ஒரு பக்கத்தில் நக்ஷத்திரங்கள் சூழ ஒரு கோவில் கோபுரம். சுற்றிலும் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் அதன் பெயர். மறுபக்கத்தில் தாமரையிலிருந்து எழும் விஷ்ணுவின் உருவம். சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் அதே பெயர். எடை ஏறத்தாழ 21 கிராம். உருக்கி வார்த்து நிதானமாக அச்சடிக்கப் பொழுதில்லாமல், எடை குறைத்த ஸ்பானிய டாலரின் மேலேயே இந்தப் புதிய அச்சை வைத்து அடித்த காசுகள் இவற்றில் உண்டு. அத்தகையதை வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்துக் கோபுரத்தின் ஓரத்தையும் நக்ஷத்திரங்களின் இடைவெளியையும் பூதக்கண்ணாடியால் பார்த்தால், புதிய அச்சு அமுக்கித் தீர்க்காத பழைய ரோமானிய எழுத்தின் ஒரு காலோ, அரசனுடைய கன்னத்தின் கோடோ, தூணின் ஒரு விளிம்போ மங்கலாகத் தெரியும். காசு சேர்ப்பவர்கள் அநேகர் இத்தகைய தடத்தைக் குறையென்று எண்ணி, வழவழப்பான காசையே தேடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் தடமுள்ள காசுக்கே முதல் மரியாதை. மெக்ஸிகோவும் சென்னையும் ஒரே உலோகத்தில் சாக்ஷி சொல்வது வேறெங்கே கிடைக்கும்?

முதலில் தராசு

எளாவூர்ச் சோதனைச்சாவடியில் லாரிகளின் பாரத்தைப் பார்க்கிறார்கள். நமக்கு வேண்டியது அடகுக்கடையில் நகை நிறுக்கும் தராசு, கிராமில் இரண்டு தசம ஸ்தானம் காட்டுவது. எட்டு ரியால் காசின் சட்டப்படியான எடை 27 கிராமும் சிறு பின்னமும். 1728-க்கு முந்திய பழைய ஒழுங்கில் சுமார் 27.4, பிறகு சுமார் 27.07. நம்முடைய பழைய தோலாக் கணக்கில் சொன்னால், ஒரு தோலா எடையுள்ள விக்டோரியா ரூபாய்கள் இரண்டைத் தட்டில் வைத்து, அதன்மேல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரூபாயைச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. தேய்மானத்தால் அரைக் கிராம் குறையலாம்; புழங்கித் தேய்ந்த முகம் அந்தக் குறைவுக்குச் சாக்ஷி சொல்ல வேண்டும். முகம் புத்தம் புதிதாக, ஒவ்வொரு முடியும் எண்ணத்தக்கதாக இருக்க, எடை மட்டும் 22 கிராமோ 24 கிராமோ என்றால், அந்தக் காசைப் பற்றி மேலும் யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு ரியால் 13.5 கிராம், இரண்டு ரியால் 6.77, ஒரு ரியால் 3.38 என்று சிறு காசுகளும் இதே விகிதத்தில் இறங்கும்.

எடைக்கு அடுத்தது காந்தம். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குப் பழைய இரும்பு சேர்த்துக் கொடுக்கும் காயலான் கடை எதில் கேட்டாலும் ஒரு காந்தத்துண்டு கொடுப்பார்கள். காசு அதில் ஒட்டினால் விசாரணை முடிந்தது. ஒட்டாததனால் மட்டும் அது வெள்ளியாகிவிடாது என்பதையும் மறக்கலாகாது. பித்தளையும் ஈயமும் ஜெர்மன் சில்வரும் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

ஆகையால் மூன்றாவதாக நீரில் நிறுக்கும் பரீட்சையைச் செய்ய வேண்டும். இதைக் கடினமென்று எண்ணி அநேகர் தவிர்க்கிறார்கள். உண்மையில் ஐந்து நிமிஷ வேலை. தராசின்மேல் ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீரை வைத்து, முள்ளைச் சூன்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, காசை மெல்லிய நூலில் கட்டி, அது முழுவதும் நீரில் அமிழும்படியாகவும் கிண்ணத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியாகவும் கையால் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்ணிக்கை, காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அதன் அடர்த்தி. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியும் மீதி செம்பும் கலந்த ஸ்பானிய உலோகத்துக்கு அது 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். அதாவது 27 கிராம் காசு 2.6 கிராம் நீரை விலக்க வேண்டும். ஜெர்மன் சில்வரோ பித்தளையோ ஆனால் விலக்கும் நீர் 3.1 கிராமுக்குப் போய்விடும். இந்த அரைக் கிராம் வித்தியாசத்தை எந்தச் சாயமும் முலாமும் மறைக்க முடியாது. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிசகும். ஆதலால் முதலில் சிறிது சோப்பு நீரில் நனைத்துக்கொள்வது நலம்.

உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. நகைக்கு அது சரி. பழங்காசின் உடம்பில் அது அழியாத காயம். காசைச் சுண்டி ஓசையைக் கேட்டே சொல்லிவிடுகிறேன் என்பவர்களிடமும் எனக்கு நம்பிக்கை குறைவு. உள்ளே வெடிப்புள்ள அசல் காசும் மந்தமாக ஒலிக்கும். நல்ல போலியும் மணிபோல் பேசும்.

மூன்று வமிசங்கள்

எடையில் தேறிய காசு மூன்று வமிசங்களில் எதைச் சேர்ந்தது என்பதை அடுத்துத் தீர்மானிக்க வேண்டும்.

மூத்த வமிசம் கையால் சம்மட்டி கொண்டு அடித்த காசு. வெள்ளிப் பாளத்தை வார்த்து, துண்டு துண்டாக வெட்டி, எடை மிகுந்தால் ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்ததனால், இவை வட்டமென்றும் சொல்ல முடியாமல் சதுரமென்றும் சொல்ல முடியாமல் கோணல் மாணலாக இருக்கும். ஓரத்தில் வெடிப்பும், அச்சு விழாத வெறுமையும் சகஜம். வடிவம் எப்படியிருந்தாலும் எடை மட்டும் சரியாக இருக்கும் என்பதைப் பார்க்கும்போது, இவற்றைச் செய்தவர்களுக்கும் நம் சராப்புகளுக்கும் மனம் ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஒரு பக்கத்தில் பெரிய சிலுவை. அதன் நான்கு மூலைகளில் மேல் இடப்புறத்திலும் கீழ் வலப்புறத்திலும் கோட்டை, மற்ற இரண்டிலும் சிங்கம். கோட்டை காஸ்தீலியாவுக்கும் சிங்கம் லியோனுக்கும் அடையாளம். மெக்ஸிகோவின் சிலுவையில் கைகளின் நுனியில் குண்டுபோன்ற பூவேலை இருக்கும். பொட்டோசியின் சிலுவை வெறுமையானது. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால், எழுத்தே தெரியாத காசிலும் ஊரைச் சொல்லிவிடலாம்.

சிலுவைக்கு மறுபக்கத்தில் பழைய காசுகளில் அரச கேடயம் இருக்கும். மெக்ஸிகோ 1730-கள் வரை கேடயத்தையே வைத்திருந்தது. பொட்டோசியிலோ 1652-இல் அது மாற்றப்பட்டது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மோசடியின் விருத்தாந்தம் இருக்கிறது. 1640-களில் பொட்டோசித் தங்கசாலையில் வெள்ளியில் செம்பை அளவுக்கு மிஞ்சிக் கலந்து விட்டார்கள். விசாரணை நடந்து, கோமெஸ் தெ லா ரோச்சா என்னும் செல்வந்தனுக்கு 1650-இல் மரண தண்டனை விதித்து நிறைவேற்றினார்கள். கெட்ட காசுகளின் மதிப்பைக் குறைத்து, சிலவற்றின்மேல் கிரீட முத்திரை குத்தினார்கள். புதிய காசுக்குப் புதிய உருவமும் கொடுத்தார்கள். பெருநாட்டுக் காசென்றாலே ஆசியாவில் முகம் சுளிப்பு உண்டாக இதுவே காரணம். புதிய உருவம் அலைகளின்மேல் நிற்கும் இரண்டு தூண்கள். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளால் பிரித்த கட்டங்களில், மேல் வரிசையில் ஊரெழுத்து, மதிப்பைக் காட்டும் எண், உலோகத்தின் தரத்தைச் சோதிக்கும் நோட்டக்காரரின் எழுத்து. நடு வரிசையில் 'ப்ளூஸ் உல்த்ரா' என்ற வாசகம். கீழ் வரிசையில் நோட்டக்காரர், ஆண்டு, ஊர். ஒரே செய்தியைப் பல இடங்களில் திருப்பித் திருப்பிப் பொறித்திருப்பதால், அடி எவ்வளவு கோணலாக விழுந்திருந்தாலும் எங்கேயாவது ஓரிடத்தில் அது அகப்படும். பொறுமையாகக் காசைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

நடு வமிசம் 1732 முதல் மெக்ஸிகோவில் யந்திரத்தால் அடித்த தூண் காசு. அலைகளின்மேல் கிரீடம் தரித்த இரண்டு தூண்கள், நடுவில் பழைய உலகும் புதிய உலகுமாக இரண்டு கோளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அவற்றுக்கும் மேல் ஒரு கிரீடம். 1754 முதல் மெக்ஸிகோக் காசுகளில் இரண்டு தூண்களின் கிரீடங்களும் வெவ்வேறு வடிவம். அதற்கு முன் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். விளிம்பில் இலைக்கொடி வேலை. அரசர்கள் ஐந்தாம் பிலிப், ஆறாம் பெர்டினாண்ட், மூன்றாம் சார்லஸ் ஆகிய மூவர் மட்டுமே. இந்த வமிசம் 1772-ஓடு முடிகிறது. இதில் அரசனுடைய முகம் கிடையாது.

இளைய வமிசத்துக்கே அரசன் முகம் உண்டு. 1772 முதல் ஸ்பானிய ஆதிக்கம் முடியும் வரை வந்த இந்தக் காசுகளே எண்ணிக்கையில் மிகுதி. போலியும் இவற்றிலேயே மிகுதி. ஆகையால் ஒன்றைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்ப்போம்.

நம்முடைய மாதிரிக் காசில் ஆண்டு 1797. வலப்பக்கம் நோக்கிய அரசனுடைய முகம், தலையில் வாகை மாலை, தோளில் மடிப்பு விழுந்த உடை. கழுத்தின் கீழ் ஆண்டு. சுற்றிலும் 'கரோலஸ்' என்ற பெயரும், நான்காமவன் என்பதைக் காட்ட நான்கு ஒற்றைக் கோடுகளும், தெய்வ கிருபையால் என்னும் பொருள்தரும் லத்தீன் சொற்களும். திருப்பினால், இரண்டு தூண்களுக்கு நடுவே கிரீடம் தரித்த கேடயம். கேடயத்தில் கோட்டையும் சிங்கமும் மாறி மாறி, நடுவில் மூன்று அல்லி மலர், அடியில் ஒரு மாதுளம்பழம். தூணைச் சுற்றிய நாடாவில் 'ப்ளூஸ்' ஒரு பக்கம், 'உல்த்ரா' மறுபக்கம். விளிம்பை ஒட்டி ஓடும் வாசகம் ஸ்பெயினுக்கும் இந்தியத் தீவுகளுக்கும் அரசன் என்பது. அது முடிந்ததும் 'எம்' என்னும் ரோமானிய எழுத்தும் அதன் தலைமேல் சிறிய 'ஓ'வும் மெக்ஸிகோவைக் குறிக்கும். பிறகு எட்டும் 'ஆர்' எழுத்தும் மதிப்பு. கடைசியில் 'எஃப்', 'எம்' என்று இரண்டு எழுத்துகள், உலோகத்தின் தரத்துக்கு உத்தரவாதமான நோட்டக்காரர் இருவருக்கும் அடையாளம். பொட்டோசியின் காசானால் மெக்ஸிகோ எழுத்துக்குப் பதில் 'பி', 'டி', 'எஸ்' மூன்றும் பின்னிய கூட்டெழுத்து. லீமாவின் காசானால் அவ்வூர்ப் பெயரின் எழுத்துகள் பின்னியது. குவாத்தமாலாவானால் 'என்', 'ஜி'. சாந்தியாகோவானால் 'எஸ்' தலையில் சிறிய 'ஓ'.

இந்த நான்கு செய்திகளும் (அரசன், ஆண்டு, ஊர், நோட்டக்காரர்) ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். போலி செய்பவன் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான். மூன்றாம் சார்லஸ் 1788-இல் இறந்தான். செய்தி கடல் கடந்து போய்ப் புதிய அச்சு வரும் வரையில், 1789, 1790 ஆண்டுகளில் நான்காமவன் பெயரோடு மூன்றாமவன் முகமே வந்தது. அப்படி வந்ததைப் போலியென்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் 1795 என்று ஆண்டு போட்டு மூன்றாமவன் பெயரும் இருந்தால் தயங்காமல் தள்ளலாம். ஏழாம் பெர்டினாண்டின் பெயர் 1808-க்கு முன் வர முடியாது. மெக்ஸிகோவில் 'எஃப், டி' எழுத்துகள் 1801 முதல் 1803 வரை மட்டும். பொட்டோசியில் 'பி, ஆர்' 1776 முதல் 1795 வரை. 1760 என்று ஆண்டு பொறித்து மெக்ஸிகோ எழுத்தும் அரசனுடைய முகமும் இருக்கும் ஒரு காசைக் கடைத்தெருவில் யாரேனும் நீட்டினால், அது தூண் காசுக் காலம் என்பதை நினைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆண்டைக் கண்டு பழமையில் மயங்குகிறவரே போலி செய்பவனுக்கு வேண்டிய வாடிக்கையாளர்.

இன்னொரு ருசிகரமான அம்சம்: 1772-இல் ஸ்பெயின் சர்க்கார் வெள்ளியின் தரத்தை ஊருக்குத் தெரியாமல் சிறிது இறக்கிற்று, 1786-இல் மறுபடியும் இறக்கிற்று. முதல் இறக்கத்தைத் தங்கசாலையாருக்குள் தெரிந்துகொள்ள, 1772, 1773 மெக்ஸிகோக் காசுகளில் ஊரெழுத்தையும் நோட்டக்காரர் எழுத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பொறித்தார்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் எழுத்து தலைகீழாக இருப்பது பிழையன்று, லக்ஷணம்.

விளிம்பு சொல்லும் உண்மை

முகத்தைப் பார்ப்பவர் பலர், விளிம்பைப் பார்ப்பவர் சிலர்; ஆனால் முகம் உள்ள காசில் உண்மை விளிம்பில்தான் இருக்கிறது. வட்டமும் நீள்சதுரமும் மாறி மாறி வரும் சித்திரவேலை அங்கே பொறித்திருக்கும். இதைக் காசு அடிப்பதற்கு முன்பே, இரண்டு நேரான இரும்புச் சட்டங்களுக்கு நடுவே வெறும் வில்லையை உருட்டிப் பதித்தார்கள். ஒவ்வொரு சட்டமும் பாதிச் சுற்றைப் பதிக்கும். வில்லை ஓரளவு அதிகமாகவே உருளுமாதலால், ஒரு பாதி முடிந்து மறுபாதி தொடங்கும் இடத்தில் சித்திரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அப்படிப்பட்ட குழப்பம் காசின் இரண்டு எதிரெதிர் ஓரங்களில் இருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் காசை விரல் நுனிகளால் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டே பூதக்கண்ணாடியால் பார்த்தால் அது பிரத்தியக்ஷமாகத் தெரியும். சுற்று முழுவதும் ஒரு பிசகுமின்றி ஒரே சீராக ஓடும் விளிம்பைக் கண்டால் நாம் மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும்; அதிலும் வேலை இல்லாமல் நடுவே ஒரு கோடு மட்டும் ஓடினால், அது இரண்டு பாதி அச்சில் வார்த்த காசு.

போலி இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் தங்கசாலையில் உருக்கு அதிகாரியாக இருந்த ரிடெல் என்பவர், நல்ல வெள்ளி டாலர்களையும் கள்ள டாலர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1845-இலேயே ஒரு தனி நூல் வெளியிடும் அளவுக்கு அந்தத் தொழில் அப்போதே வளர்ந்திருந்தது. புழக்கத்திலிருந்த காலத்துப் பழம்போலிகளுக்கு இப்போது தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவை சரித்திரத்தைச் சேர்ந்தவை. நேற்று வார்த்துப் புகையில் கறுத்ததைச் சரித்திரமென்று விற்பதுதான் அக்கிரமம்.

ஸ்பானியக் காசென்று நினைத்து ஜனங்கள் கொண்டுவரும் வேறு பெரிய வெள்ளிக் காசுகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தடித்த ஸ்திரீ ஒருத்தியின் முகமும் 1780 என்ற ஆண்டும் இருந்தால் அது ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர். அந்த ஆண்டையே வைத்துப் பிற்காலத்திலும் ஓயாமல் அடிக்கப்பட்டது. கழுகு பாம்பைக் கவ்வ, மறுபக்கம் ஒளிவிடும் தொப்பி இருந்தால் சுதந்திரம் பெற்ற பின் மெக்ஸிகோ வெளியிட்டது. திரிசூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியாவும், மறுபக்கம் சீன, மலாய் எழுத்துகளும் இருந்தால் 1895 முதல் பெரும்பாலும் பம்பாயில் அடித்த வர்த்தக டாலர். பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் போய்வந்த குடும்பங்களின் பழைய பெட்டிகளில் இவை இருப்பது இயல்பு. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேறிய 1786-இலிருந்து வியாபாரக் கணக்கு ஸ்பானிய டாலரில்தான் நடந்தது. ஆகவே அத்தகைய குடும்பத்துப் பெட்டியிலிருந்து அசலான எட்டு ரியால் வந்தால் எனக்கு நம்பிக்கை பிறக்கும். ஏரிக்கரையில் தோண்டிக் கிடைத்தது என்ற கதையோடு பளபளவென்று வந்தால் பிறக்காது. உப்பு மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த வெள்ளி கறுத்துச் சொரசொரத்து எடை குறைந்திருக்கும். அரிப்பால் விழுந்த குழி கூர்மையான ஓரத்தோடு ஒழுங்கற்றிருக்கும், வார்ப்பில் விழுந்த குழி உருண்டையாக ஊசிமுனைபோல் இருக்கும்.

காசின் முகத்தில் சிறு சிறு முத்திரைக் குத்துகள் இருந்தால் கலங்க வேண்டாம். சராப்புகளும் சீன வர்த்தகர்களும் சோதித்துக் குத்திய அடையாளங்கள் அவை. மாலையில் கோப்பதற்காகக் காதுவைத்துப் பற்றவைத்த காசுக்கு மட்டும் விலை குறையும். அதை அறுத்து எடுத்துத் தேய்த்து மறைப்பவர் இன்னும் குறைத்துவிடுகிறார்.

இனி, வீடுகளில் நடக்கும் ஒரு பெருந்தீங்கு. குத்துவிளக்கையும் குங்குமச்சிமிழையும் துலக்குவதுபோலப் பழங்காசையும் புளி போட்டும் விபூதி போட்டும் தேய்த்துவிடுகிறார்கள். கறுப்பு நிறம் அழுக்கன்று. வெள்ளியே காற்றோடு சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட போர்வை. அதை உரித்தால் எழுத்தின் கூர்மையும் கூடவே போகும். சுத்தமான தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காகித உறையில் வைப்பதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்பதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கக் கடமைப்பட்டவர். அறிவித்தவருக்குப் பங்கும் உண்டு, மறைத்தவருக்குத் தண்டனையும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசைத் தனிநபர் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டுப் பெட்டியிலிருந்து வந்த காசைப் பற்றி ஐயமிருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் போய்க் காட்டலாம். கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் அங்கே போவதே புத்திசாலித்தனம். மண்வெட்டியிலோ வலையிலோ உங்களுக்கு ஒரு காசு அகப்பட்டால், அதைத் துலக்காமல், அறுக்காமல், நிறுத்து எழுதி வைத்துக்கொண்டு, அகப்பட்ட இடத்தையும் தேதியையும் ஒரு காகிதத்தில் குறித்து, திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு அன்றே எழுதிவிடுங்கள்.